குறைந்த செலவில் நல்ல போன்சாய்: எங்கே தேடுவது, எதைப் பார்ப்பது

போன்சாய் மரம் ஒன்றின் விலையில் பெரும்பங்கு காலத்தின் விலையாகும். ஆழமில்லாத ஒரு தட்டில், கிளையும் வேரும் கவாத்துச் செய்யப்பட்டு, வயதேறிய பெருமரத்தின் தோற்றத்தைச் சிறு உருவில் தாங்கி நிற்கும்படி வளர்க்கப்படும் உயிருள்ள மரமே போன்சாய். சீனத்தில் தோன்றி ஜப்பானில் முதிர்ந்த இக்கலையில், ஒரு கன்று பார்ப்பவர் கண்ணுக்கு மரமாகத் தெரியும் நிலையை எட்டப் பத்து ஆண்டுகளேனும் பிடிக்கும் என்பதால், அத்தனை ஆண்டும் நீரூற்றி, கிளை வெட்டி, கம்பி சுற்றி வளர்த்தவர் தம் உழைப்புக்கும் பொறுமைக்கும் சேர்த்தே விலை சொல்கிறார்; அது நியாயமும் ஆகும். ஆகவே, கையிலுள்ள சில நூறு ரூபாயைக் கொண்டு தரமான மரத்தை அடைய விரும்புபவர் தேட வேண்டியது, பல ஆண்டுகள் வளர்ந்து அடி பருத்திருந்தும் அந்த ஆண்டுகளுக்கு உரிமையாளர் விலை கேட்காத செடியை. அத்தகைய செடிகள் போன்சாய் என்று பெயர்ப்பலகை தொங்கும் கடைகளில் அரிதாகவும், அப்படி ஒரு பெயரையே நினைத்துப் பார்க்காத இடங்களில் தாராளமாகவும் கிடைக்கின்றன.

திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர்ச் சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் வேங்கிக்காலை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1989இல் வடஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன பின்னர், அலுவலகங்களும் குடியிருப்புகளும் பெருகிய இப்பகுதியின் பல வீடுகளில் மரம் வைக்க மண் தரை மிஞ்சவில்லை. மொட்டை மாடிதான் தோட்டமாக இருக்கிறது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தொடுவதும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. பெய்யும் மழையில் பெரும்பகுதி ஆடிக்குப் பிறகே வருவதும், சிமென்ட் தளம் இரவிலும் சூட்டைக் கக்குவதும் இங்கு மரத் தேர்வைத் தீர்மானிக்கின்றன. படங்களில் காணும் ஜப்பானிய பைன், மேப்பிள், ஜூனிபர் ஆகியவை குளிர்காலத்தில் உறங்கி எழும் இயல்புடையவை. அவற்றை இந்த மாடியில் வைத்தால் சில மாதங்கள் பச்சையாக நின்று, காரணம் புரியாமலேயே பட்டுப்போகும். ஜூனிபரில் இது இன்னும் ஏமாற்றமானது, ஏனெனில் அம்மரம் செத்த பிறகும் பல வாரங்கள் இலை நிறம் மாறாமல் இருக்கும். அவற்றை விலக்கிவிட்டால் எஞ்சும் மரங்கள் எல்லாம் ஊரில் மலிந்து கிடப்பவையாக இருப்பது, செலவைக் கருதுபவருக்கு நல்வாய்ப்பு.

முதல் இடம் ஆல் குடும்பத்துக்கு உரியது. ஆல், அரசு, அத்தி, இச்சி, கல் இச்சி ஆகியவற்றோடு நர்சரிகளில் ‘ஃபைகஸ்’ என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் பெஞ்சமினா வகையும் இதில் அடங்கும். வேரில் பெரும்பகுதியை வெட்டினாலும் பிழைப்பதும், பழைய தண்டிலிருந்தே புதிய துளிர் விடுவதும், வெட்டிய காயத்தை விரைவில் மூடிக்கொள்வதும் இக்குடும்பத்தின் சிறப்பு. இத்தாலியின் மிலான் நகருக்கு அருகே பராபியாகோவில் உள்ள கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய மரம், ஆயிரம் ஆண்டு வயதுடையது எனச் சொல்லப்படும் ஓர் ஆல் இனமே. சிறிய இலை வேண்டுபவர் கல் இச்சியையோ பெஞ்சமினாவையோ நாடலாம்; ஆலும் அரசும் அகன்ற இலையால் சிறு உருவத்தில் பொருந்தாமல் நிற்கும், அவற்றை இரண்டடிக்கு மேற்பட்ட உயரத்தில் வளர்ப்பதே அழகு. இவற்றுக்கு அடுத்து, விதையே செலவில்லாமல் கிடைக்கும் புளி, கொடுக்காய்ப்புளி, விளா ஆகியவையும், காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா, மாதுளை, கடலோரச் சவுக்கு ஆகியவையும் வரும். திருவண்ணாமலைக் கோயிலின் தலமரமான மகிழும் தட்டில் வளரக்கூடியதே. மிக மெதுவாக வளர்வதால் அதைப் பருத்த நிலையிலேயே வாங்க வேண்டும்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஃபூகியன் தேயிலை’ என்ற பெயரில் உலகெங்கும் போன்சாய்க் கடைகளில் விற்கப்படும் சிற்றிலைச் செடி, தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் இயல்பாக வளர்வது. குரங்கு வெற்றிலை, குருவிச்சி என்று அதன் பெயர் ஊருக்கு ஊர் மாறும். தாய்லாந்தின் ‘மாய் டாட்’ எனும் மரம் வடிக்கும் கலையில் தலைமையான மரம், திருச்சிக்கு அருகே திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்த பராய் மரமே. கிழக்குக் கடற்கரை நாட்டின் இத்தகைய மரங்களை வெளிநாட்டவர் விலை கொடுத்து வளர்க்கையில், இங்குள்ள ஆர்வலர் சீனத்துத் தொட்டிச் செடியைத் தேடி அலைவது வருந்தத்தக்கது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இக்கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டை மீட்கும் பணி பல பத்தாண்டுகளாக நடந்துவருவதால், இந்நாட்டு மரங்களின் கன்றுகளை வளர்க்கும் பண்ணைகள் அங்கே உள்ளன. வேறெங்கும் எளிதில் கிடைக்காத காட்டெலுமிச்சை, உலக்கைப்பாலை போன்றவற்றின் கன்றுகளை அப்பகுதியில் விசாரித்துப் பெறலாம்.

பரிசுப் பொருள் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் ‘போன்சாய்’ என்று குறைந்த விலையில் விற்கப்படுபவற்றில் மிகுதியானவை மூன்று வகைப்படும். முதலாவது, கிழங்குபோல் உப்பிய வேர்களின் மேல் குட்டையான கொண்டையுடன் நிற்கும் ‘ஜின்செங்’ ஃபைகஸ். சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்தில் பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் இது, கல் இச்சியை விதையிலிருந்து வளர்த்து, வேரைப் பருக்கச் செய்து, மேலே வேறொரு சிற்றிலை வகையை ஒட்டுக்கட்டி உண்டாக்கப்படுவது. வீட்டுச் செடியாக அது நன்றாகவே வாழும். ஒட்டுப்போட்ட இடத்தில் தடிமன் திடீரென மாறுவதால் அதை இயற்கையான மரத் தோற்றத்துக்குக் கொண்டுவருவது மட்டும் அரிது. இரண்டாவது, ‘எஸ்’ எழுத்துப்போல் வளைக்கப்பட்ட தண்டும் இருபுறமும் பந்துபந்தாகக் கத்தரித்த இலைக்கொத்தும் கொண்டது. மூன்றாவது, எழுதுகோல் தடிமன்கூட இல்லாத கன்றைப் பளபளக்கும் தட்டில் நட்டு, மேலே வெள்ளைக் கூழாங்கற்களைப் பசையால் ஒட்டியது. இந்த மூன்றாம் வகையை எந்த விலைக்கும் வாங்கலாகாது, ஏனெனில் வேர் பரவ இடமில்லாத தட்டில் வைத்தபின் தண்டு பருப்பது ஏறத்தாழ நின்றுவிடும். இருபது ஆண்டுகள் கழித்தும் அது தட்டில் நட்ட குச்சியாகவே இருக்கும். ‘போன்சாய் விதை’ என்று உறையிலிட்டு விற்கப்படுபவற்றையும் தவிர்க்க வேண்டும். போன்சாய்க்கென்று தனி விதை கிடையாது. எந்த மரத்தின் விதையும் நிலத்தில் பெருமரமாகவும் தட்டில் சிறுமரமாகவும் வளரக்கூடியதே.

ஜப்பானிலேயே இக்கலை இரு வேறு தொழில்களாகப் பிரிந்திருப்பது கவனிக்கத்தக்கது. 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த வளர்ப்பாளர்கள் 1925இல் உருவாக்கிய ஓமியா போன்சாய்க் கிராமம் மரங்களை நேர்த்தி செய்து காட்சிக்கு வைக்கும் இடமாகப் புகழ்பெற்றது. ஷிகோகு தீவில் தக்கமாட்சு நகரைச் சேர்ந்த கினாஷி, கொக்குபுன்ஜி பகுதிகளின் உழவர்களோ வயலில் வரிசை வரிசையாகப் பைன் கன்றுகளை நட்டு, பல ஆண்டுகள் நிலத்தில் பருக்கவிட்டுத் தோண்டி எடுத்து விற்கிறார்கள். நிலத்தில் பருத்தது, இன்னும் வடிவம் பெறாதது, ஆகவே விலை குறைந்தது: குறைந்த செலவில் தொடங்குபவர் தேடும் மூலச்செடி இதுவே. தமிழ்நாட்டில் இதற்கென்று வயல்கள் இல்லாவிட்டாலும் அதே நிலையில் உள்ள செடி சாலையோர நர்சரி ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கிறது.

நர்சரிகளில் முன்வரிசையில் இருப்பது புதிதாக வந்திறங்கிய, பூத்துக் குலுங்கும் சரக்கு. வேலியோரத்திலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறமும் ஒதுக்கப்பட்டிருப்பவை விற்காமல் தேங்கிய செடிகள். நாலைந்து ஆண்டுகளாக இடம் மாறாததால் கறுப்பு நெகிழிப் பையின் அடியைத் துளைத்துக்கொண்டு வேர் தரைக்குள் இறங்கியிருக்கும். பை வெயிலில் நைந்து நார்நாராய்க் கிழிந்திருக்கும். தலை பலமுறை முறிந்தும் வெட்டுப்பட்டும் கோணலாய் வளர்ந்திருக்கும். அடிமரமோ கணுக்கைத் தடிமனைத் தாண்டியிருக்கும். வீட்டு வாசலில் நிமிர்ந்த, செழித்த செடி வைக்க நினைப்பவருக்கு இது கழிவு. உரிமையாளரும் இடம் காலியானால் போதும் என்று கன்றின் விலைக்கே தர இசைவார். போன்சாய்க்கு வேண்டிய பருமன், முறுக்கு, பழமை மூன்றையும் ஒருங்கே கொண்ட செடி, ஊரிலேயே மலிவான செடியாக இருப்பது இந்த மூலையில்தான். தரைக்குள் இறங்கிய வேரை அறுத்தே எடுக்க வேண்டும் என்பதால், ஃபைகஸ், காகிதப்பூ, புளி போன்ற தாங்கும் வகைகளை மட்டும் இவ்வாறு எடுப்பது நல்லது.

தேர்ந்தெடுக்கும் முறையிலும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழக்கமாகச் செடி வாங்குபவர் இலையையும் பூவையும் பார்ப்பார். போன்சாய்க்கு வாங்குபவர் முதலில் குனிந்து மண்ணைப் பார்க்க வேண்டும். பையின் மேல்மண்ணை இரண்டு விரலால் ஓரங்குல ஆழம் விலக்கினால், தண்டு விரிந்து வேர்களாகப் பிரியும் இடம் தென்படும். ஜப்பானியர் ‘நெபாரி’ என்று வழங்கும் இந்த வேர்விரிவு எல்லாப் பக்கமும் பரவியிருந்தால் அது சிறந்த செடி. ஒரே பக்கம் தடித்த வேர் ஓடி மறுபக்கம் மொட்டையாக இருந்தால் பின்னாளில் திருத்துவது கடினம். அடுத்து நோக்க வேண்டியது தண்டின் சிறுத்தல், அதாவது அடி பருத்து மேலே போகப்போக ஒடுங்கும் வடிவம். அடி முதல் நுனி வரை ஒரே தடிமனாகக் கம்பம்போல் உயர்ந்த தண்டுக்கு எவ்வளவு உழைத்தாலும் மரத்தோற்றம் வராது. தாழ்ந்த கிளை ஒன்றாவது இருந்தால், நீண்ட தலையை அதற்கு மேலே வெட்டிவிட்டு அக்கிளையையே புதிய தலையாக நிமிர்த்தலாம். இலை குறைவு, கிளை ஒழுங்கின்மை, உயரம் ஆகிய குறைகள் விலையைக் குறைத்துப் பேச உதவுபவையே. ஓரிரு ஆண்டில் அவை சரியாகிவிடும். ஃபைகஸ் இலைகள் இரண்டாக மடிந்து ஒட்டியிருந்தால் உள்ளே கருநிற இலைப்பேன் இருக்கும். மடிந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிட்டால் செடி தேறிவிடும் என்பதால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அடித்தண்டு அழுகி மெத்தென்று அமுங்குவதும், நகத்தால் பட்டையைச் சுரண்டும்போது பச்சைக்குப் பதில் பழுப்பு தெரிவதும், செடியை மெல்ல அசைத்தால் வேரோடு ஆடுவதும் விட்டுவிலகத் தக்க அறிகுறிகள்.

நர்சரிக்கே போகாமல் கிடைக்கும் செடிகளும் உண்டு. பறவைகளின் எச்சத்தில் விழுந்த அரசு, ஆல், இச்சி விதைகள் மாடிக் கைப்பிடிச் சுவரிலும், கிணற்றின் உட்சுவரிலும், பழைய கட்டடங்களின் விரிசலிலும் முளைத்து, மண்ணே இல்லாத இடுக்கில் வேரைத் தட்டையாகப் படரவிட்டுப் பல ஆண்டுகள் குட்டையாகவே வாழ்கின்றன. கோயில் மதில்களிலும் கோபுரங்களிலும் இவ்வாறு முளைப்பவற்றைக் களைவது, ஏழாம் நூற்றாண்டின் திருநாவுக்கரசரை முன்னோடியாகக் கொண்ட உழவாரப்பணியின் முக்கியக் கூறு. இன்றும் அடியார் குழுக்கள் விடுமுறை நாள்களில் கூடி இப்பணியைச் செய்கின்றன. வளரவிட்டால் கல்லைப் பிளந்து கட்டடத்தைச் சாய்த்துவிடும் அச்செடிகள் பிடுங்கப்பட்டுக் குப்பையில் வாடுகின்றன. கோயில் நிர்வாகத்திடமோ வீட்டு உரிமையாளரிடமோ ஒப்புதல் பெற்று அவற்றை எடுத்துவந்து, இலைகளை முழுவதும் நீக்கி, கிடைத்த வேர்த் துண்டோடு மணலில் நட்டு, வெளிச்சம் ஊடுருவும் நெகிழிப் பையால் மூடி நிழலில் நான்கு வாரம் வைத்தால் பெரும்பாலும் துளிர்த்துவிடும். சுவர் விரிசலின் வடிவத்தை அப்படியே வாங்கிய அந்த வேரின் தோற்றத்தை எந்தப் பண்ணையும் உண்டாக்கித் தர முடியாது. வீடு இடிக்கும் இடங்களிலும் சாலையை அகலப்படுத்தும் இடங்களிலும் வெட்டி எறியப்படும் காகிதப்பூச் செடியின் அடிக்கட்டை இன்னொரு புதையல். தொடைத் தடிமனுள்ள கட்டைகூட வேர் பிடித்துத் துளிர்க்கும்.

காட்டில் வளர்ந்த குட்டை மரத்தைப் பெயர்த்து வந்து வடிப்பதை ஜப்பானியர் ‘யமடோரி’ என்பர். அதை இங்கு பின்பற்றக் கூடாது. திருவண்ணாமலையின் அருணாசல மலை காப்புக்காடு. அங்கிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ செடியைத் தோண்டுவது வனச் சட்டப்படி குற்றம். அது, மொட்டைப் பாறையாகக் கிடந்த அருணாசல மலைச்சரிவை 1980களின் பிற்பகுதியிலிருந்து கன்று கன்றாக நட்டுப் பசுமையாக்கியவர்களின் உழைப்பை அழிக்கும் செயலும் ஆகும். நிலத்தில் நடுவதற்கென்று அரசும் தொண்டு அமைப்புகளும் வழங்கும் இலவசக் கன்றுகளையும் தட்டுக்குக் கொண்டுவருவது முறையன்று.

உழவர்கள் காலங்காலமாக அறிந்த இரு முறைகள் செலவை மேலும் குறைக்கும். ஒன்று போத்து நடுதல்: கைத்தடி தடிமனுள்ள, முற்றிய கிளையை வெட்டி அப்படியே ஊன்றி வேர்விடச் செய்வது, ஆல் குடும்பமும் பூவரசும் இதற்கு இசையும். மற்றொன்று விண்பதியம்: மரத்தில் இருக்கும் கிளையிலேயே ஓரங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை நீக்கி, ஈரமான தென்னை நார்த்தூளை அவ்விடத்தில் பொதிந்து நெகிழித்தாளால் இறுகக் கட்டி, உள்ளே வேர் நிறைந்ததும் அறுத்து நடுவது. மழைக்காலத்தில் ஃபைகஸ் கிளை இரண்டு மாதத்துக்குள் வேர்விட்டுவிடும். வளையம் முழுவதிலிருந்தும் வேர் சுற்றிலும் கிளம்புவதால் விலைமதிப்புள்ள வேர்விரிவு தானே அமைந்துவிடுகிறது. தெருவோர வீட்டில் கத்தரிக்கப்பட இருக்கும் வேலிச்செடியின் நல்ல வளைவுள்ள கிளை ஒன்றைக் கேட்டுப் பெற்றால், பத்தாண்டு வளர்ச்சியை ஒரு பருவத்தில் அடையலாம்.

ஊரில் கிடைப்பதோடு நிறைவடையாதவருக்குச் சாலைகள் வசதியாக உள்ளன. புதுச்சேரிப் பக்கமிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக வரும் சாலை திருவண்ணாமலையைத் தொட்டு, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி செல்கிறது. அதன் கீழ்முனையில் புதுச்சேரி, ஆரோவில் பண்ணைகளும், மேல்முனைக்கு அப்பால் மலர் வேளாண்மைக்குப் பெயர்பெற்ற ஓசூர் வட்டாரமும் பெங்களூரும் உள்ளன. பெங்களூர் லால்பாக் தாவரவியல் பூங்காவில் நர்சரியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையம் இயங்குகிறது. பூங்காவுக்குள்ளேயே போன்சாய்த் தோட்டமும் இருக்கிறது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி அங்கு நடக்கும் மலர்க்கண்காட்சிகளின்போது பல ஊர் வளர்ப்பாளர்களின் சரக்கை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆந்திரத்தின் ராஜமுந்திரிக்கு அருகே உள்ள கடியம் நாட்டின் மிகப்பெரிய நர்சரித் தொகுதிகளுள் ஒன்று. தமிழ்நாட்டு நர்சரிகளுக்கும் சரக்கு அங்கிருந்து வருகிறது. நாலைந்து பேர் சேர்ந்து உள்ளூர் நர்சரிக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால், அவருடைய அடுத்த லாரியில் பருத்த ஃபைகஸ் கட்டைகளை ஏற்றிவரச் சொல்லலாம். தனியாகக் கூரியரில் வரவழைப்பதைவிட இது மலிவு, செடியும் சேதமில்லாமல் வந்துசேரும். வாங்குவதற்கு முன் நல்ல மரம் எப்படியிருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புபவர், மைசூரில் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டத்தை ஒரு முறை பார்த்துவருவது நன்று.

மரத்துக்கு மிச்சம் பிடித்ததைத் தட்டில் இழந்துவிடுபவர் பலர். மூலச்செடியை வாங்கிய உடனே போன்சாய்த் தட்டுக்கு மாற்றத் தேவையே இல்லை; முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அடியில் துளைகள் இட்ட அகன்ற பிளாஸ்டிக் கூடையோ மண்தொட்டியோ போதும், வேரும் அதில் நன்கு கிளைக்கும். பிறகு தட்டு வேண்டும்போது, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் விசாரிக்கலாம். அகல் செய்யும் உள்ளூர்க் குயவரிடம் அளவு சொல்லி, அடியில் இரண்டு பெரிய துளைகளும் கால்களும் வைத்துச் செய்யச் சொன்னால் இன்னும் மலிவாக முடியும். புதுச்சேரியில் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழிவந்த கலைஞர்களின் கற்சுடு மண்கலங்கள் மிக அழகியவை, விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. மரம் தேறிய பின் அவற்றை நினைக்கலாம்.

மண்கலவையில் கஞ்சத்தனம் கூடாது என்றாலும் அதற்கும் பெருஞ்செலவு இல்லை. நர்சரிப் பையிலுள்ள செம்மண் தட்டில் இறுகி நீரைத் தேக்கும். செங்கல் சூளையில் உடைந்து கிடக்கும் கல்லை நொறுக்கி, மாவுத்தூளைச் சல்லடையில் நீக்கி, மிளகு முதல் கொண்டைக்கடலை அளவு வரையிலான துகள்களை மட்டும் எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மட்கிய எருவோடு கலந்தால், ஈரத்தையும் காற்றையும் ஒருசேரத் தரும் கலவை கிடைக்கும். கிளைகளை வளைக்க அலுமினியக் கம்பி வாங்க இயலாதவர், பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் மின்செம்புக் கம்பியின் உறையை உரித்துவிட்டு, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அது கைக்கு இணங்கும். சிறிய ரம்பமும் கூரான கவாத்துக் கத்தரியும் இருந்தால் தொடக்கத்துக்கு வேறு கருவி வேண்டியதில்லை. கத்தரி ஒன்றில் மட்டும் தரம் பார்த்துச் செலவிட வேண்டும், மழுங்கிய வெட்டு பட்டையை நசுக்கிக் காயத்தை ஆறவிடாது.

வாங்கும் காலமும் விலையைப் போலவே முக்கியம். கத்திரி வெயிலில் வாங்கிய செடியின் வேரை உடனே வெட்டினால் அது தாங்காது; பையோடு நிழலில் வைத்து நீரூற்றி, முதல் மழைகள் வந்து காற்றில் ஈரம் ஏறிய ஆடி, ஆவணி மாதங்களில் ஃபைகஸ் வகைகளை மாற்றி நடலாம். இலையுதிர்க்கும் வகைகளுக்கு மாசியில் புதுத்துளிர் கிளம்பும் நேரம் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நர்சரிகளில் கூட்டம் குறைந்திருக்கும், தேங்கிய செடிகளை விலை பேச அதுவே வசதியான பருவம். கைவசம் ஆயிரம் ரூபாய் இருந்தால் பெரும்பகுதியைப் பருத்த அடிமரம் கொண்ட ஒரே செடிக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதில் கத்தரியும் எருவும் வாங்குவது, ஐந்து மெல்லிய கன்றுகளை ஐந்து அழகிய தட்டுகளில் வாங்குவதைக் காட்டிலும் அறிவுடைமை. அந்த ஒரு செடி மூன்றாம் ஆண்டிலேயே மரமாகத் தெரியத் தொடங்கும்.